என் கணினியில் வராத பிழை

"கீபோர்டுக்குப் பிள்ளைப் பாசமா?" என்று எழுதியவன் நான்தான். வேறு யாரோ எழுதியதை என் தலையில் கட்டவில்லை. பக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தையும் நானே போட்டேன். பதினான்கு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அன்றைக்கு இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சொல்ல உட்கார்ந்த பிறகு பாதியை மென்று முழுங்கக் கூடாது.

என் பெயர் சௌந்தரபாண்டியன். மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன், அது சாப்பாட்டுக்கு. கொன்றை என்ற கட்டற்ற இயங்குதளத்தில் விசைப்பலகைப் பகுதி முழுக்க என் பொறுப்பு, அது கெத்துக்கு. கொன்றையை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். அங்கங்கே இருக்கிற முந்நூறு பேர் ஓய்வு நேரத்தில் எழுதிப் பராமரிக்கிறோம். அரசு அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், காவல் நிலையங்கள் எல்லாம் அதற்கு மாறிப் பத்து வருடம் ஆகிறது.

அப்படி மாறியதற்கு நான் எழுதிய ஒரு நிரலும் காரணம். அதற்குக் 'கைப்பழக்கம்' என்று பெயர் வைத்திருந்தேன். அரசு அலுவலக விசைப்பலகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூசி, முறுக்குத் தூள், டீக்கறை. ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழும், தட்டாத எழுத்தும் விழும். புதிது வாங்கக் கோப்பு நகர்வதற்குள் தட்டச்சர் ஓய்வு பெற்றுவிடுவார். கைப்பழக்கம் தட்டுகிறவரின் கையைப் படிக்கும். ஒரு விசையை எத்தனை நேரம் அழுத்துகிறார், அடுத்த விசைக்கு எவ்வளவு வேகத்தில் போகிறார் என்று தினமும் கற்றுக்கொள்ளும். அந்த நடைக்கு ஒத்துவராத தட்டல் எதுவோ, அது தூசியின் வேலை என்று ஒதுக்கிவிடும். அவ்வளவுதான் சங்கதி. செத்துப்போன விசைப்பலகைகள் எல்லாம் எழுந்து ஓடின. என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் இணைய மன்றத்தில் ஒரு பிழைப் புகார் வந்தது. அனுப்பியவர் பெயர் நாகஜோதி. ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்றில் ஆபரேட்டர். போனில் பேசுகிறவர் சொல்லும் விலாசத்தைத் தட்டி, பக்கத்தில் இருக்கிற வண்டியை அனுப்புவது அவர் வேலை. "சில நேரம் மட்டும் கீ வேலை செய்வதில்லை. நான் அழுத்துவது எனக்கு நன்றாகத் தெரிகிறது. திரையில் எழுத்து வருவதில்லை. திரும்ப அழுத்தினால் சில சமயம் வருகிறது, சில சமயம் அப்போதும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

எங்கள் கூட்டத்தில் இதற்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. புகார் சொல்கிறவர் முதலில் தான் முட்டாள் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நானும் வழக்கமான பட்டியலை எடுத்து நீட்டினேன். வயரைக் கழற்றி வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். வேறு விசைப்பலகை போட்டுப் பாருங்கள். விசைகளைக் கழற்றி பிரஷ்ஷால் துடையுங்கள். ஷிஃப்ட் விசையைத் தெரியாமல் எட்டு நொடி அழுத்திப் பிடித்திருந்தால் மெதுவாகத் தட்டுகிறவர்களுக்கான வசதி தானாக விழித்துக்கொள்ளும், அது அணைந்திருக்கிறதா பாருங்கள். பென்டிரைவிலிருந்து கொன்றையைப் புதிதாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஆட்கள் இரண்டாவது படியிலேயே ஓடிவிடுவார்கள். ஓடட்டும் என்றுதான் கொடுப்பதும்.

நாகஜோதி ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றாகச் செய்து, தேதியும் மணியும் போட்டு, நான்கு நாளில் பதில் எழுதிவிட்டார். மூன்று விசைப்பலகைகளில் பார்த்தேன், எல்லாவற்றிலும் வருகிறது. பென்டிரைவில் புதிதாக ஏற்றியபோது மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு வரி: "கவனித்துப் பார்த்தேன் சார், குழந்தைகள் சம்பந்தப்பட்ட அழைப்பு என்றால் அதிகமாக வருகிறது."

கண்டுபிடிப்பதற்கு வேண்டிய எல்லாமே அந்தப் பதிலில் இருந்தது. பென்டிரைவுக் கொன்றைக்கு அவர் கை தெரியாது, அதனால் பிழை வரவில்லை. பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு படிக்கிறவன் முன்னால் வைத்தால்கூடப் பிடித்திருப்பான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கீபோர்டுக்குப் பிள்ளைப் பாசமா?

சும்மா சொல்லக் கூடாது, சோதனையும் செய்தேன். பாலிடெக்னிக் ஒர்க்ஷாப்பில் ஒரு இரும்பு விரல் செய்து, மோட்டார் வைத்து, இரண்டு நாளில் நாற்பதாயிரம் தடவை தட்டவிட்டேன். ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. "என் கணினியில் வரவில்லை" என்று எழுதினேன். மன்றத்தில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் வரவில்லை என்றார்கள். மூன்று பேரிடம் வராத பிழைக்கு 'மீண்டும் உண்டாக்க முடியவில்லை' என்று முத்திரை குத்தி மூடிவிடலாம் என்பது எங்கள் விதி. மூடினேன். அவர் திறந்தார். திரும்ப மூடினேன். திரும்பவும் திறந்தார். மூன்றாம் தடவை "இங்கே யாரும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை அம்மா" என்று எழுதி, இனி யாரும் அதைத் திறக்க முடியாதபடி பூட்டியும் வைத்தேன்.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் எஸ்தர் கூப்பிட்டாள். எஸ்தர் திண்டுக்கல்காரி, கொன்றையில் நான் எழுதுவதைச் சரிபார்க்கிறவள், பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"செய்தி பாத்தியா?"

"க்ளாஸ்ல இருக்கேன். என்ன செய்தி?"

"ஆறு வயசுப் பிள்ளை ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணியிருக்கு. அம்மாவுக்கு வலிப்பு, வீட்டுல வேற ஆள் இல்லை. வீடு வில்லாபுரம் பக்கம். வண்டி வைகைக்கு அங்கிட்டு வேற எங்கயோ போயிருச்சு. சுத்தி வர்றதுக்குள்ள இருபத்திரெண்டு நிமிஷம். அந்தம்மா இறந்துட்டாங்க. விலாசத்தை அரைகுறையா அடிச்சதுக்காக ஆபரேட்டரை சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க." பெயரைக் கடைசியில்தான் சொன்னாள். "பேரு நாகஜோதி."

முதலில் அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. வராந்தாவுக்கு வந்து, கைப்பேசியிலேயே மன்றத்தைத் திறந்து, அந்தப் பிள்ளைப் பாச வரியைத் தேடி அழித்தேன். சம்பள வரியையும் அழித்தேன். பிறகுதான் மூச்சு விட்டேன். சீ என்று இருக்கிறது இப்போது எழுதும்போதும்.

பத்து நிமிஷத்தில் திரும்ப எஸ்தர்.

"அழிச்சுட்டியா?"

"எதை?"

"நடிக்காதடா. நாம கட்டுன மன்றம் அது. யாரு, எப்ப, எதை அழிச்சாங்கன்னு எல்லாம் அப்படியே நிக்கும். நீதானே அப்படி இருக்கணும்னு சண்டை போட்ட? அசிங்கமா இருக்கு சௌந்தர்."

வராந்தாவில் நின்ற பையன்களை வகுப்புக்குள் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"சரி, கேளு. விசாரணைக்கு அவங்க வச்சிருக்கிற ஒரே ஆதாரம் அந்த மெஷினோட பதிவேடு. விலாசத்துல விடுபட்ட எழுத்தையெல்லாம் நாகஜோதி தட்டவே இல்லைன்னு பதிவேடு சொல்லுது."

"அப்ப தட்டலை போல."

"பதிவேட்டை எழுதுறது யாரு?"

கைப்பழக்கம் ஒதுக்கித் தள்ளுவது எதுவும் பதிவேட்டில் ஏறாது. தூசியை எதற்குப் பதிந்து வைக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்திருந்தேன்.

"நாகஜோதி ஒன்பது வருஷமா அதே நாற்காலியில உக்காந்து தட்டுறாங்க. ஒரே சீரு, மையத்துலயே அவங்கதான் வேகம். அப்படின்னா உன் நிரல் அவங்க கையை எவ்வளவு நல்லாப் படிச்சிருக்கும்? எவ்வளவு இறுக்கமா ஆகியிருக்கும்? புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு அது தளர்வாத்தான் இருக்கும். நல்லா வேலை செய்யிறவங்க கழுத்தைத்தான் அது நெரிக்கும்."

"ஆனா நான் சோதிச்சேனே எஸ்தர். நாப்பதாயிரம் தடவை."

"பதறிப்போன கை, பதறாத கை மாதிரியா தட்டும்? அந்த நேரத்துல அவங்க கை வேற ஆளு கை. உன் நிரல் அதைத் தூசின்னு தள்ளியிருக்கு. உன் இரும்பு விரலுக்கு என்னடா, புள்ளையா குட்டியா, பதறுறதுக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாகஜோதி வீட்டுக்குப் போனேன். விசாரணையில் கொன்றை சார்பாக வந்து பேசுகிறோம் என்று எஸ்தர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. நாகஜோதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார். நீங்க...?"

"பாண்டியன்" என்றேன். "கொன்றையிலேர்ந்து."

பொய் இல்லைதான். பெயரில் பாதியைச் சொன்னேன்.

காபி கொடுத்தார். தேய்ப்பதை விடாமலே பேசினார், கை சும்மா இருந்தால் அவருக்குப் பேச்சு வராது போல.

"தெருவுல தண்ணி பிடிக்கப் போனா எல்லாரும் பேச்சை நிறுத்திர்றாங்க சார். யாரும் ஒண்ணும் சொல்லல. நிறுத்திர்றாங்க, அவ்வளவுதான். எம்மகளை ஸ்கூல்ல ஒரு பொண்ணு கேட்டுருச்சாம், உங்கம்மாதானே அந்த ஆம்புலன்ஸுன்னு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு..."

"அந்தப் பிள்ளை தெளிவாத்தான் சொன்னுச்சு சார். தெரு பேரு, கதவு நம்பரு எல்லாம். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண வச்சிருப்பாங்க போல. நான் தட்டினேன். எழுத்து விழல. திரும்பத் தட்டினேன். அதுக்குள்ள மேப்பு தானா ஒரு தெருவப் பிடிச்சுருச்சு, வண்டி கிளம்பிருச்சு. பிள்ளை போனை வைக்கவே மாட்டேங்குது. வந்துரும்மா, வண்டி வந்துரும்மான்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். வண்டி அங்கிட்டு ஆத்தைத் தாண்டிப் போய்க்கிட்டு இருக்கு."

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. சட்டென்று தூக்கிக்கொண்டார்.

"பதிவேட்டுல நான் தட்டவே இல்லைன்னு வருதாம். ஒரு வாரமா எல்லாரும் அதையே சொல்லச் சொல்ல, எனக்கே இப்ப சந்தேகம் வந்துருச்சு. தட்டினேனா இல்லையா? இந்த விரல எனக்கே நம்ப முடியல."

"நீங்க முன்னாடியே புகார் குடுத்திருந்தீங்க இல்லையா?"

"மூணு தடவை. அங்க சௌந்தர்னு ஒருத்தர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கீபோர்டுக்குப் பிள்ளைப் பாசமான்னு எழுதிட்டாரு. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அதைப் பாத்துட்டான். அப்புறம் நான் உள்ள நுழைஞ்சாலே 'பாசக்கார கீபோர்டு வந்துருச்சு'ம்பாங்க." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆனா படிச்சவரு, சரியாத்தான் சொல்வாருன்னு நானும் விட்டுட்டேன். தப்பு என்மேலதான் சார். நாலாந் தடவையும் எழுதியிருக்கணும். அந்த ஆளு திட்டினா திட்டிட்டுப் போறாருன்னு எழுதியிருக்கணும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்து, அந்த சௌந்தர் நான்தானம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர் அப்படித்தாங்க, கொஞ்சம் முன்கோபி" என்றேன். என்னைப் பற்றி நானே, மூன்றாவது மனிதன் மாதிரி. காபியையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே கணினி முன்னால் உட்கார்ந்தேன். வாயால் சொல்லத்தான் துப்பில்லை, எழுதியாவது வைப்போம் என்று மன்னிப்பைத் தட்ட ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் ஓர் எழுத்து விழவில்லை. மூன்றாவது வரியில் நான்கைந்து. கையைப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கணினியில் அந்தப் பிழை வந்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியது என்றால், சந்தோஷம். அப்பாடா, ஆதாரம் கிடைத்துவிட்டது, அதுவும் என் கையாலேயே.

எஸ்தரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரே விசைப்பலகை, இரண்டு திரை. இடது திரையில் விரல் அழுத்துவது அத்தனையும் அப்படியே வரும். வலது திரையில் கைப்பழக்கம் எதை அனுமதிக்கிறதோ அது மட்டும் வரும். பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

"நாகஜோதியை அதுல உக்கார வச்சு, அந்த விலாசத்தைத் தட்டச் சொன்னா முடிஞ்சது" என்றாள்.

"வேணாம். அவங்களை மறுபடி அதுக்குள்ள தள்ள வேணாம். அந்தப் பாவத்தையும் நான் சுமக்க மாட்டேன். நானே உக்காருறேன். என் மன்னிப்பைத் தட்டுறேன். கண்டிப்பா என் கை நடுங்கும்."

"கண்டிப்பாவா?"

"எஸ்தர், எனக்கு எவ்வளவு வெக்கமா இருக்குன்னு உனக்குத் தெரியாது."

விசாரணை அதிகாரி மெகராஜ் பேகம். துணை இயக்குநர், ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கும். யாரையும் நிற்க வைத்துக் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை. அறையில் நீள மேசை, மையத்திலிருந்து கொண்டுவந்த கணினி, எஸ்தரின் இரண்டு திரைகள். நாகஜோதி சுவரோரம் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி லேசாகத் தலையசைத்தார்.

"உங்க பேரு?" என்றார் அதிகாரி.

"சௌந்தரபாண்டியன். கைப்பழக்கம் நிரலை எழுதினவன். மன்றத்துல சௌந்தர்ங்கிற பேர்ல இவங்க புகாரை மூணு தடவை மூடினவனும் நான்தான்."

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, நான் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்க சொல்றது காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க டெக்னிக்கல் ஆளுங்க அவங்கவங்க கணக்குல நுழைஞ்சு இதே மெஷின்ல மூணு நாள் தட்டிப் பாத்துட்டாங்க. ஒரு எழுத்து விடுபடலை. பதட்டத்துல விடுபடும்ங்கறீங்க. எனக்குக் காட்டுங்க. காட்டிட்டா நான் எழுதிர்றேன்."

உட்கார்ந்தேன். வீட்டுக் கணினியில் கைப்பழக்கம் என் கையைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்ததை அதில் ஏற்றி, என் கணக்கில் உள்ளே நுழைந்தேன். கைப்பழக்கம் என் கையை அடையாளம் கண்டுகொண்டது. தட்டினேன்.

"இந்தப் பிழை என்னுடையது. நாகஜோதி மூன்று முறை எடுத்துச் சொன்னார். நான் கேலி செய்தேன். அவர் பொறுமையாகக் கொடுத்த ஆதாரங்களை நான் படிக்கக்கூட இல்லை. என் திமிரால் ஒரு குழந்தை தாயை இழந்து நிற்கிறது. குற்றமில்லாத ஒருவர் தன் விரல்களையே சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டார். இதற்கு நான் வெட்கப்படுகிறேன்."

தட்டும்போதே கண் கலங்கியது. நிஜமாகத்தான் கலங்கியது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

இடது திரையிலும் அதே வரிகள், வலது திரையிலும் அதே வரிகள். ஒரு முற்றுப்புள்ளிகூட விடுபடவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"மேடம், இன்னொரு தடவை."

இன்னொரு தடவை தட்டினேன். வேண்டுமென்றே தப்பாகத் தட்டலாமா என்றுகூட ஒரு நொடி புத்தி போனது. எஸ்தர் பக்கத்தில் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையும் இரண்டு திரையும் ஒரே மாதிரி வந்து நின்றன.

"நல்லா டைப் பண்றீங்க" என்றார் அதிகாரி. குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பேனாவை எடுத்துக் கோப்பைப் புரட்டினார். அந்தப் பேனா கீழே இறங்கினால் நாகஜோதியின் வேலை போகும். வேலை மட்டுமா? ஒரு தாயைக் கொன்றவள் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"மேடம், நான் தட்டலாமா?" நாகஜோதி எழுந்து நின்றார்.

"வேணாம்மா..." என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க சார்." அதிகாரி பக்கம் திரும்பினார். "ரெக்கார்டுல இருக்கிற அந்தப் பிள்ளையோட போன் காலைப் போடுங்க மேடம். அதைக் கேட்டுக்கிட்டே தட்டுறேன்."

நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, தன் கணக்கில் நுழைந்தார். முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். ஒலிப்பதிவைப் போட்டார்கள்.

"அக்கா, எங்கம்மா கீழ விழுந்துட்டாங்க. வாயில நுரை நுரையா வருது. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறாங்க..."

பிள்ளை விலாசத்தைச் சொல்லச் சொல்ல நாகஜோதி தட்டினார். இடது திரையில் தெருப் பெயர், குறுக்குத் தெரு, கதவு எண் எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் வந்தன. வலது திரையில் தெருப் பெயர் பாதியில் நின்றது. குறுக்குத் தெரு வரவே இல்லை. கதவு எண்ணில் ஒரு இலக்கம் மட்டும் வந்தது. அதை வைத்துக்கொண்டு வரைபடம் வைகைக்கு வடக்கே ஏதோ ஒரு தெருவைப் பிடித்தது. திரும்பத் தட்டினார். இடது திரையில் திரும்பவும் முழுசாக, வலது திரையில் திரும்பவும் ஓட்டை ஓட்டையாக.

நான் அதோடு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. "வந்துரும்மா, வண்டி வந்துரும்மா" என்று அதில் நாகஜோதியின் குரல். நாற்காலியில் இருந்த நாகஜோதி மறுபடி தட்டினார், மறுபடியும் தட்டினார். இந்தத் தடவையாவது சரியாக விழுந்துவிட்டால் வண்டி சரியான தெருவுக்குப் போய்விடும் என்பது போல. எஸ்தர்தான் ஓடிப்போய் ஒலிப்பதிவை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரை இதற்குள் தள்ள மாட்டேன் என்று வீராப்பு பேசினேனோ அவரைத்தான் தள்ளிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

மெகராஜ் பேகம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போதும்மா" என்றார். "நீங்க தட்டியிருக்கீங்க. நான் பாத்துட்டேன்."

"தட்டினேன்ல மேடம்?" என்று கேட்டார் நாகஜோதி. "தட்டினேன்ல?"

அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது. வேலை திரும்பக் கிடைத்தது. கைப்பழக்கத்தை எல்லா அலுவலகங்களிலும் அணைக்கச் சொல்லி எஸ்தரே அறிவிப்பு எழுதினாள். வெளியே வந்தபோது தொழில்நுட்ப ஆட்களில் ஒருவர் என் கையைக் குலுக்கி, "இந்தக் காலத்துல யாரு சார் தப்பை ஒத்துக்குறாங்க, பெரிய மனசு" என்றார். கையை உருவிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

நாகஜோதி முகம் கழுவிவிட்டு வந்தார். என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. ஆனால் அவர் மன்றத்தில் எழுதுவாரே, அதே மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். நீங்க தட்டும்போது மட்டும் ஏன் ஒரு எழுத்துகூட போகல?"

அந்த நிரலை எழுதினவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? இரண்டு திரையும் ஒரே மாதிரி நின்றபோதே தெரிந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது பாதியை முழுங்காமல் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை முதல்ல தட்டினப்ப போச்சும்மா, நிறைய போச்சு. அப்புறம் அதையே திரும்பத் திரும்பத் தட்டிப் பாத்தேன். எங்க நிறுத்தணும், எந்த வார்த்தை போட்டா நல்லா இருக்கும்னு... இன்னைக்குக் காலையில வரைக்கும் நாப்பது தடவையாவது தட்டியிருப்பேன். கைக்குப் பழகிருச்சு."

கேட்டுக்கொண்டார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கு அந்தப் பிள்ளைகிட்டேர்ந்து ஒரே ஒரு கால்தான் சார் வந்துச்சு" என்றார்.